நூறு ஃபீல்டு போதும்

மைக்ராஸ்கோப்பில் கண் வைக்கிறவளுக்கு
இது ஒரு வேலையா என்று
ஆஸ்பத்திரி லேபிலிருந்து என்னைக் கேட்டு வாங்கிப்போனார்கள்.
கோட்டைப் பார்க்கணும் என்றார்கள்.
வெளியூர்க்காரர்களுக்கு அகழியைச் சுற்றிக் காட்டவா என்றேன்.
சிரித்துவிட்டு, பள்ளிக்கூட நாற்காலி ஒன்றைப் போட்டு
சுண்ணாம்பு நாடாவுக்கு நேராக உட்கார வைத்தார்கள்.
மத்தியானம் ஒரு ஆம்பூர் பிரியாணிப் பொட்டலம்,
தலைக்கு வெள்ளைத் தொப்பி.

அந்தப் பங்குனியில் பாலாறு
ஊற்று தோண்டினால்கூட மணலைத்தான் கொடுத்தது.
மைதானத்துக்கு மட்டும் லாரி வந்தது,
விடிகாலை ஒன்று, உச்சியில் ஒன்று.
முனிரத்தினம் குழாயைத் தோளில் போட்டுத் தெளிப்பார்.
புற்றுமண்ணும் சாணமும் செங்கல்பொடியும் கலந்த தரை
குடித்துக்கொண்டே இருக்கும்.
வேலிக்கு வெளியே காலிக் குடங்கள்
வரிசையில் நின்று ஆட்டம் பார்த்தன.

வெளிநாட்டுக்காரர்கள் பதினாறு பேர்.
முந்தாநாள்வரை கோப்பைக்கு ஆடினவர்கள்
இப்போது கவருக்கு ஆடுகிறார்களே என்று
ரிட்டயர்டு தாசில்தார் முகம் சுளித்தார்,
முன்வரிசை டிக்கெட் வாங்கிக்கொண்டு.
கவர் கொடுத்தது ராணிப்பேட்டைத் தோல் கம்பெனி.
முதல் சுற்றில் தோற்றால் நூறு டாலர்,
ஜெயித்தால் இருநூற்றைம்பது.
மைக்கில் சொன்னார்கள், ஏலம் விடுவதுபோல.

ஹ்ரூபெஷ் என்று ஒருவன்.
ஒரே ஆட்டத்தில் அவன் பெயர்
மூன்று விதமாக ஒலிபெருக்கியில் வந்தது.
இரண்டு மட்டை, அதில் ஒன்றுக்கு நரம்பு அறுந்திருந்தது.
முட்டிவரை செம்மண்.
இடைவேளையில் வாட்சைக் காதில் வைத்துக் கேட்டான்,
ஓடுகிறதா என்று.

கடைசி செட், ஐந்துக்கு ஆறு.
அவன் அடித்தது என் பக்கம் வந்து விழுந்தது.
"அவுட்."
வாய் சொல்லிவிட்டது.
கண் அதற்கப்புறம்தான் போய்ச் சேர்ந்தது.

மண்தரையில் பந்து பொய் சொல்லாது என்பார்கள்,
விழுந்த இடத்தில் கோழிமுட்டை அளவுக்குத் தடம் விடும்.
நடுவர் ஏணியைவிட்டு இறங்கி வந்தார்.
"எதுன்னு காட்டும்மா."
குனிந்தேன்.
இரண்டு இருந்தன.
ஒன்று நாடாவுக்கு மயிரிழை வெளியே.
இன்னொன்று நாடாவின் ஓரத்தை நக்கிக்கொண்டு.
எது இந்தப் பந்து,
எது அரைமணிக்கு முந்தின பந்து?
சவுக்குக் கம்பத்தில் கட்டின பந்தலுக்குக் கீழே
ஒரு குழந்தை மட்டும் அழுதுகொண்டிருந்தது.
என் விரல் மயிரிழைக்குப் போனது,
சொன்ன வாய்க்குச் சாட்சியாக.

அவன் கத்தவில்லை.
நான் காட்டாத தடத்தின் பக்கத்தில் குந்தி
அதைத் தொடாமல், சுற்றிலும்
விரலால் ஒரு வட்டம் போட்டான்.
எழுந்துபோய்க் கை குலுக்கினான்,
நூறு டாலருக்கு.
முனிரத்தினம் சாக்கை இழுத்துக்கொண்டு வந்தார்.
இரண்டும் போயின. வட்டமும்.

கோட்டைக் கோயிலில் சாமி இல்லாத காலம் அது.
சத்துவாச்சாரியில் இருக்கிற சாமிக்கு
இங்கே வெறும் கருவறையைப் பார்த்தே
கன்னத்தில் போட்டுக்கொள்வோம்.
அன்று சாயங்காலம் அந்தப் பக்கம் போகவில்லை.

மறுநாள் காய்ச்சல் என்று ஒரு வெள்ளைக்காரன் வந்தானாம்.
கல்கத்தாவில் மூன்று வாரம் ஆடிவிட்டு வந்தவன்,
ரத்தத்தைப் பாருங்கள் என்று டாக்டர் எழுதியிருந்தார்.
ஸ்லைடில் ஒட்டிய காகிதத்தில்
பெயர் நாலாவது விதமாக இருந்தது.

மலேரியாவுக்கு நூறு ஃபீல்டு பார்த்தால் போதும்.
அணுக்கள் வட்டம் வட்டமாக நகர்ந்தன,
எதற்குள்ளும் மோதிரம் இல்லை.
நூறு முடிந்தது.
ஸ்லைடைத் தள்ளினேன்.
நூற்றைம்பது.
உச்சிவெயில் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு
மைதானத்துக்குத் திரும்பியது.
இருநூறு.
'இல்லை' என்று எழுதப் பேனாவைத் திறந்தேன்.
ஓரத்தில் ஒரு ஃபீல்டு விட்டுப்போனதுபோல் இருந்தது.
மறுபடி குனிந்தேன்.